யூரிக் ஆசிட் 8.1, கண் பிரஷர் 19: இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பழைய கண்ணாடி

வணக்கம். எனக்கு வயது 58. திறந்த கோண கிளாக்கோமா (கண் நரம்பு தேயும் நோயில், கண் திரவத்தின் வடிகால் கோணம் திறந்தே இருக்கும் வகை) என்று கண்டுபிடித்து ஆறு வருடமாகிறது, அன்றிலிருந்து சொட்டு மருந்து போடுகிறேன். வலது கண்ணில் மூக்குப் பக்கம், மேல் ஓரத்தில் கொஞ்சம் பார்வை போயிருக்கிறது. இடது கண் பரவாயில்லை.

போன வாரம் வழக்கமான ரத்தப் பரிசோதனை செய்தேன். யூரிக் ஆசிட் டெசிலிட்டருக்கு 8.1 மி.கி. போன வருடம் இதே சமயத்தில் 6.4 இருந்தது. பொது மருத்துவர், "கொஞ்சம் ஏறியிருக்கு, அடுத்த தடவை பார்க்கலாம்" என்றார். வலி, வீக்கம் எதுவும் இல்லை.

சும்மா இருந்திருக்கலாம். ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ஓரிடத்தில், யூரிக் ஆசிட் ஒரு ஆன்டிஆக்சிடன்ட், அது குறைந்தால் கிளாக்கோமா முற்றும் என்று இருக்கிறது. இன்னோரிடத்தில், அது கூடினால் ரத்தக்குழாய் கெட்டு பார்வை நரம்புக்கு ரத்தம் போவது குறையும் என்று போட்டிருக்கிறது. இரண்டுமே ஆய்வு என்றுதான் சொல்கின்றன.

நேராகவே கேட்கிறேன். இந்த 8.1 என் கண்ணுக்கு நல்லதா, கெட்டதா? குறைப்பதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்தால் சாப்பிடலாமா? இல்லை, கண்ணுக்குக் காவலாக இருக்கட்டும் என்று விட்டுவிடலாமா?

---

பச்சைஇலை

நல்ல கேள்வி. யூரிக் அமிலத்தை எல்லோரும் வில்லனாகவே பார்த்துப் பழகிவிட்டார்கள். நம் ரத்த பிளாஸ்மாவின் ஆன்டிஆக்சிடன்ட் வேலையில் பாதிக்கு மேல் செய்வது அதுதான். 1981லேயே புரூஸ் ஏம்ஸ் குழு இதை எழுதிவிட்டது. கிளாக்கோமாவில் நரம்பு அணுக்கள் சாவதற்கு ஆக்சிஜனேற்றச் சேதமும் ஒரு காரணம். அப்படியென்றால் கொஞ்சம் கூடுதலாக இருப்பது கண்ணுக்கு நல்லதுதானே? நானாக இருந்தால் குறைக்க மாட்டேன். கூடவே தினமும் வைட்டமின் சி 1000 மி.கி. எடுத்துக்கொள்வேன். நான் இரண்டு வருடமாக எடுக்கிறேன், என் யூரிக் ஆசிட் 3.9.

---

ஏன்_எதற்கு

பச்சைஇலை, யூரிக் ஆசிட் கூடுதலாக இருக்கட்டும் என்கிறீர்கள். அதைக் குறைக்கும் வைட்டமின் சியையும் சாப்பிடச் சொல்கிறீர்கள். இரண்டில் எதையாவது ஒன்றைப் பிடியுங்கள்.

சரி, பழைய கண்ணாடி கேட்டதற்கு வருகிறேன். நீங்கள் படித்த இரண்டுமே பொய் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே நோயைப் பற்றிப் பேசவில்லை.

"குறைந்தால் மோசம்" என்பது பெரும்பாலும் மூடிய கோண வகையை, அதாவது அந்த வடிகால் கோணம் அடைபடும் வகையைப் பற்றியது. 2017ல் சீனாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. மூடிய கோண கிளாக்கோமா உள்ளவர்களுக்கு ரத்தத்தில் யூரிக் அமிலம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது, நோய் முற்றியவர்களுக்கு இன்னும் குறைவு. அதே குழுவினர் 2019ல், சிகிச்சை தொடங்கும் முன்பே யூரிக் அமிலத்தை அளந்துவைத்து, அப்புறம் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஆரம்பத்தில் குறைவாக இருந்தவர்களுக்குப் பார்வைப்புலம் (கண்ணுக்கு ஒரே நேரத்தில் தெரியும் பரப்பு) வேகமாகப் போனது. இது கொஞ்சம் கனமான சான்று, ஒப்புக்கொள்கிறேன்.

உங்களுடையது திறந்த கோண வகை. அங்கே கதை வேறு. சில ஆய்வுகளில் கூடுதல், சிலவற்றில் குறைவு, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. கண் பிரஷர் இயல்பான 21க்குள் இருந்தும் நரம்பு தேயும் வகையையும் இதில் சேர்த்தால் குழப்பம் இன்னும் கூடும்.

ஏன் இப்படி? யூரிக் அமிலம் தனியாக ஏறி இறங்கும் சரக்கு இல்லை. உடல் எடை, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகம், வயது, ஆணா பெண்ணா, எல்லாம் அதை இழுக்கும். மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்கு இயல்பாகவே குறைவாக இருக்கும், ஈஸ்ட்ரோஜன் அதைச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. மூடிய கோண கிளாக்கோமா பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. ஆகவே இப்படி ஓர் ஆய்வைக் கையில் எடுத்தால், ஒப்பிட்ட இரண்டு குழுவிலும் ஆண் பெண் விகிதம் சமமா என்று முதலில் பார்ப்பது என் வழக்கம். எடையும் கொதிப்பும் எதிர்ப்பக்கம் இழுக்கும். அவை இரண்டும் யூரிக் அமிலத்தையும் ஏற்றும், கண் அழுத்தத்தையும் ஓரளவு ஏற்றும். யூரிக் அமிலத்துக்கும் கண்ணுக்கும் நேரடிப் பேச்சே இல்லாவிட்டாலும், கணக்கில் இரண்டும் ஜோடியாகத் தெரியும்.

இன்னொன்று. எலியில் செய்து பார்த்தோம் என்று யாராவது வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். எலிக்கு யூரிக் அமிலத்தை உடைக்கும் யூரிகேஸ் நொதி இருக்கிறது. நமக்கும் மனிதக் குரங்குகளுக்கும் அந்த மரபணு பல லட்சம் தலைமுறைகளுக்கு முன்பே பழுதாகிவிட்டது.

---

பச்சைஇலை

பழுதானது என்கிறீர்கள். காரணம் இல்லாமலா பரிணாமம் அதை அப்படியே விட்டுவைத்தது?

---

ஏன்_எதற்கு

குடல்வாலையும்தான் விட்டுவைத்திருக்கிறது.

---

மையவிலக்கு

ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பச்சைஇலைக்கு ஒரு விஷயம்.

பெரும்பாலான இயந்திரங்கள் யூரிக் அமிலத்தை நேராக எண்ணுவதில்லை. ரத்தநீரில் யூரிகேஸ் நொதியைச் சேர்ப்போம். யூரிக் அமிலம் உடையும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு வெளிவரும். அது இன்னொரு நொதியின் உதவியோடு ஒரு சாயத்தை உண்டாக்கும். குப்பியில் இளஞ்சிவப்பு ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எவ்வளவு சிவப்போ அவ்வளவு யூரிக் அமிலம் என்பது கணக்கு. ரத்தத்தில் வைட்டமின் சி அதிகமாக இருந்தால், சாயம் ஆவதற்கு முன்பே அந்தப் பெராக்சைடை அது தின்றுவிடும். நிறம் வெளுத்துப்போகும், எண் குறைந்து வரும்.

வைட்டமின் சி யூரிக் அமிலத்தை உண்மையிலேயே கொஞ்சம் குறைக்கவும் செய்யும். ஆக, உங்கள் 3.9ல் எவ்வளவு நிஜம், எவ்வளவு வெளுப்பு என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

பழைய கண்ணாடி, உங்கள் அறிக்கையில் கிரியேட்டினினும் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் எண்) பொட்டாசியமும் எவ்வளவு?

---

பழைய கண்ணாடி

கிரியேட்டினின் 1.1. பொட்டாசியம் 3.4, அதற்குப் பக்கத்தில் ஒரு கீழ் அம்புக்குறி போட்டிருக்கிறது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

---

மருந்துச்சீட்டு

மருந்தாளுநர். பொட்டாசியம் 3.4 என்றதும் ஒரு சந்தேகம். நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்தையும் இங்கே எழுதுங்கள். கண்ணுக்கு, கொதிப்புக்கு, எல்லாம். "கண் மாத்திரை தனிக் கணக்கு" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

---

பழைய கண்ணாடி

சொட்டு மருந்து இரண்டு: லாட்டனோப்ரோஸ்ட் இரவில், டிமோலால் இரண்டு வேளை. ரத்தக் கொதிப்புக்கு டெல்மிசார்டன், ஹைட்ரோகுளோரோதயசைடு இரண்டும் சேர்ந்த மாத்திரை, மூன்று வருடமாக. ஆஸ்பிரின் இல்லை, சர்க்கரை இல்லை.

அப்புறம், ஒன்றை மறந்தே போனேன். போன மாதம் வலது கண்ணில் பிரஷர் 29க்கு ஏறிவிட்டது. லேசரா, அறுவைச் சிகிச்சையா என்று முடிவெடுக்கும் வரை அசிட்டசோலமைடு 250 மி.கி. மூன்று வேளை கொடுத்திருக்கிறார்கள். இப்போது 19. ரத்தம் கொடுத்தபோது அந்த மாத்திரையில் 19 நாள் ஆகியிருந்தது. விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது. சோடா குடித்தால் துருப்பிடித்த தண்ணீர் மாதிரி. நாக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

---

மருந்துச்சீட்டு

நாக்கில் கோளாறு இல்லை. சோடாவின் சுறுக்கை உணர நாக்கிலும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி வேண்டும். அசிட்டசோலமைடு அடைப்பது அந்த நொதியைத்தான். கண்ணுக்குள் திரவம் ஊறுவதற்கும் அதே நொதி வேண்டும், அதனால்தான் பிரஷர் இறங்குகிறது. சிறுநீரகத்திலும் அது இருக்கிறது. அங்கே அடைபட்டால் சோடியமும் பைகார்பனேட்டும் பொட்டாசியமும் சிறுநீரில் போகும், யூரேட் (ரத்தத்தில் யூரிக் அமிலம் இருக்கும் உப்பு வடிவம்) வெளியேறுவது குறையும்.

இப்போது உங்கள் எண்களை வரிசையாகப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடும் யூரிக் அமிலத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். ஆனால் அது மூன்று வருடமாக இருக்கிறது, போன வருடத்து 6.4லேயே அதன் பங்கு அடங்கிவிட்டது. புதிதாக வந்தது அசிட்டசோலமைடு ஒன்றுதான். 6.4 எப்படி 8.1 ஆனது என்பதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டிய ஆள் அது. கிளாக்கோமாவுக்கு அசிட்டசோலமைடு கொடுத்து கவுட் (மூட்டில் யூரிக் அமிலப் படிகம் சேர்ந்து வரும் வலி, வீக்கம்) வந்த கதை 1960களிலேயே கண் மருத்துவ இதழில் வந்திருக்கிறது.

பலருக்குத் தெரியாத ஒரு முரண். இதே மாத்திரை சிறுநீரைக் காரத்தன்மையாக்கும். அதனால் யூரிக் அமிலக் கல் உருவாவது குறையும், கால்சியம் பாஸ்பேட் கல் வரும் வாய்ப்பு கூடும். ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறுகிறது, சிறுநீரிலோ அது எளிதில் கரைகிறது.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். 29 என்பது சும்மா விடுகிற பிரஷர் இல்லை. இரண்டு மருத்துவர்களிடமும் இந்த முழுப் பட்டியலைக் காட்டுங்கள், போதும். பொட்டாசியத்தையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அதை இறக்கும் மருந்து இரண்டு ஒரே உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

---

ஏன்_எதற்கு

ஆய்வுகள் ஏன் முரண்படுகின்றன என்று மேலே பத்தி பத்தியாக எழுதினேன். இதைத்தான் எழுதியிருக்க வேண்டும். பழைய கண்ணாடியை ஓர் ஆய்வில் சேர்த்திருந்தால் "கிளாக்கோமா நோயாளி, யூரிக் அமிலம் 8.1" என்று ஒரு புள்ளி விழுந்திருக்கும். நோய் அமிலத்தை ஏற்றவில்லை, நோய்க்கான மருந்து ஏற்றியது. நோய் முற்றியவர்களுக்குத்தான் இந்த மாத்திரை அதிகம் போகும் என்பதால், முற்ற முற்ற அமிலம் கூடுகிறது என்றுகூட ஒரு கோடு வரைந்துவிடலாம். சிகிச்சைக்கு முன்பே அளந்த ஆய்வைக் கனமான சான்று என்றேனே, அதற்குக் காரணம் இதுதான்.

---

பழைய கண்ணாடி

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கண் மருத்துவமனையில் என்னிடம் கேட்டது, "சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, சிறுநீரகக் கல் உண்டா" என்ற இரண்டு கேள்விதான். அதுவும் அவசியமான கேள்விதான், குறை சொல்லவில்லை. ஆனால் கொதிப்புக்கு என்ன சாப்பிடுகிறேன் என்று அங்கே கேட்கவில்லை. பொது மருத்துவரும் கண்ணுக்கு என்ன என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் தனித்தனி கோப்பு.

---

தென்றல்

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். என் அம்மாவுக்கு (64) மூடிய கோண வகை. நான்கு மாதத்துக்கு முன் திடீரென்று கண் சிவந்து, தலைவலி, வாந்தி. விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிகிறது என்றார். அவசரப் பிரிவில் பிரஷர் 52. மருந்து கொடுத்து இறக்கி, அப்புறம் இரண்டு கண்ணிலும் கருவிழிப் படலத்தில் (ஐரிஸ்) லேசரால் துளை போட்டார்கள். இப்போது பிரஷர் 14, 15.

அம்மாவின் யூரிக் ஆசிட் 2.9. மேலே சொன்ன சீன ஆய்வைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. இதை ஏற்ற ஏதாவது வழி உண்டா?

---

நீலவிளக்கு

கண் பரிசோதகராக இருக்கிறேன். தென்றல், பெண்களுக்கு 2.9 என்பது இயல்பான வரம்புக்குள்தான் வரும். பெரும்பாலான ஆய்வகங்கள் கீழ் எல்லையை 2.5ஐ ஒட்டித்தான் வைத்திருக்கின்றன. அம்மாவின் கண்ணைக் காப்பாற்றியது அந்தத் துளை. கருவிழிப் படலம் முன்னால் பிதுங்கி வடிகாலை அடைத்திருந்தது. துளை வழியாகத் திரவம் முன்னறைக்கு வந்ததும் படலம் பின்வாங்கிக் கோணம் திறந்தது. இது முழுக்கக் குழாய் வேலை, இதில் யூரிக் அமிலத்துக்கு இடமில்லை.

இனி செய்ய வேண்டியது, கோனியோஸ்கோப்பி செய்து கோணம் திறந்தே இருக்கிறதா, எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது. கண்ணில் ஒரு சின்னக் கண்ணாடி வில்லையை வைத்துப் பார்ப்பார்கள், வலிக்காது. துளை போட்ட பிறகும் சிலருக்குக் கோணம் குறுகியே இருக்கும், அதனால் லேசர் முடிந்தது என்று பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. ஓசிடி என்ற கண் ஸ்கேனில் நரம்பிழை அடுக்கு, பிறகு பார்வைப்புலச் சோதனை. சளி மாத்திரை, வயிற்று இழுப்பு மாத்திரை என்று எது வாங்கினாலும் "குறுகிய கோணம்" என்று சொல்லியே வாங்குங்கள்.

---

ஏன்_எதற்கு

தென்றல், "ஏற்ற வழி உண்டா" என்பதற்கு: வழி இருக்கிறது, வேறொரு நோயில் அதைப் பெரிய அளவில் செய்தும் பார்த்துவிட்டார்கள்.

பார்கின்சன் நோயிலும் இதே பாட்டுத்தான். யூரிக் அமிலம் குறைவாக இருப்பவர்களுக்கு நோய் வேகமாகப் போகிறது என்று பல ஆய்வுகள் சொல்லின. அப்படியானால் ஏற்றிப் பார்ப்போம் என்று 298 பேரை வைத்துச் சோதனை செய்தார்கள். பாதிப் பேருக்கு இனோசின், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. இனோசின் உடம்பில் யூரிக் அமிலமாக மாறும். ரத்தத்தில் அளவு நன்றாகவே ஏறியது. நோயின் வேகம் துளியும் குறையவில்லை. பலன் கிடைக்காது என்று 2018லேயே நிறுத்திவிட்டார்கள், முடிவு 2021ல் வெளியானது. இனோசின் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகக் கல் கூடியதுதான் மிச்சம்.

கிளாக்கோமாவில் இந்தச் சோதனையைச் செய்தால் வேறு முடிவு வருமா? வரலாம். உங்கள் அம்மாவை வைத்து அதைச் செய்ய வேண்டாம்.

---

பச்சைஇலை

பார்கின்சன் வேறு, கண் வேறு. கண்ணின் முன்னறைத் திரவத்தில் யூரிக் அமிலமும் இருக்கிறது, வைட்டமின் சி ரத்தத்தில் இருப்பதைப்போலப் பல மடங்கு இருக்கிறது. உடம்பு வேலை மெனக்கெட்டு அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறதென்றால் அதற்கு ஒரு வேலை இருக்கத்தானே செய்யும்?

---

நீலவிளக்கு

வேலை இருக்கிறது. வெளிச்சம் நாள் முழுக்க நுழைகிற இடம் அது. கண் திரவம் வடியும் வடிகட்டி வலையில் உள்ள உயிரணுக்கள் ஆக்சிஜனேற்றத்தால் அடிபடுகின்றன என்பதும் சரிதான். ஆனால் யூரிக் அமிலம் வெளியே ரத்தத்தில் ஆன்டிஆக்சிடன்ட், உயிரணுவுக்குள் நுழைந்தால் எதிர்க்கட்சி. அங்கே ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டவும் செய்கிறது, ரத்தக்குழாய் விரிய உதவும் நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கவும் செய்கிறது. ஒரே பொருள் இரண்டு வேடம் போடுவதால்தான் "நல்லதா கெட்டதா" என்று கேட்டால் யாராலும் ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை.

கிளாக்கோமாவில் இன்று வரை இறக்கிப் பார்த்துப் பலன் நிரூபணமான ஒரே எண் கண் அழுத்தம். மற்றதெல்லாம் இன்னும் ஆராய்ச்சிதான்.

---

பெருவிரல்

11 வருடமாக கவுட்டோடு குடும்பம் நடத்துகிறவன். பழைய கண்ணாடிக்கு ஒரு சின்ன அறிவுரை: தண்ணீர் குடியுங்கள். தினம் 3 லிட்டர். காலையில் எழுந்ததும் ஒரு லிட்டரை ஒரே மூச்சில் இறக்கிவிடுங்கள். எனக்கு அதிலேயே பாதி குறைந்தது.

---

நீலவிளக்கு

பெருவிரல், உங்களுக்குச் சரி. அவருக்கு வேண்டாம்!

ஒரு லிட்டர் தண்ணீரை ஐந்து நிமிடத்தில் குடிக்கவைத்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை கண் பிரஷரை அளப்பது கிளாக்கோமாவில் ஒரு சோதனையாகவே இருக்கிறது. வடிகால் எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க. நல்ல கண்ணில்கூட இரண்டு மூன்று புள்ளி ஏறும். வடிகால் அடைந்த கண்ணில் அதைவிட அதிகம் ஏறும், இறங்கவும் நேரமாகும். நீங்கள் சொல்லும் காலைப் பழக்கம் கிட்டத்தட்ட அந்தச் சோதனையேதான், தினமும்.

மொத்த அளவில் தகராறு இல்லை. யூரிக் அமிலத்துக்கும் கல்லுக்கும் தண்ணீர் நல்லது, அசிட்டசோலமைடு சாப்பிடுகிறவருக்கு இன்னும் அவசியம். நாள் முழுக்கப் பரப்பி, ஒரு தடவைக்கு ஒரு தம்ளர் என்று குடித்தால் இரண்டு பக்கமும் சண்டை இல்லை.

---

பெருவிரல்

அட, இது எனக்குத் தெரியாது. என் அண்ணனுக்கும் கிளாக்கோமா. போன வருடம் அவரையும் இந்தக் காலை லிட்டரில் இழுத்துவிட்டவன் நான்தான். இப்போதே போன் போடுகிறேன்.

---

பழைய கண்ணாடி

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். நேற்று இரவு 2 மணிக்கு இடது கால் பெருவிரலில் தீ வைத்ததுபோல ஒரு வலி. போர்வை நுனி பட்டாலே கத்த வேண்டியிருந்தது. விரல் மூட்டு செக்கச்சிவந்து, தோல் பளபளவென்று நீட்டிக்கொண்டிருக்கிறது. காலையில் பக்கத்து மருத்துவமனைக்கு நொண்டிக்கொண்டே போனேன். பணியில் இருந்தவர் பார்த்ததுமே கவுட் என்றார். ரத்தம் எடுத்தார்கள், யூரிக் ஆசிட் 6.7. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 30 மி.கி. ஐந்து நாளுக்கு எழுதியிருக்கிறார். கிளாக்கோமா என்று சொன்னேன், "ஐந்து நாள்தானே" என்றார்.

இரண்டு கேள்வி. 8.1 இருந்தபோது வராத வலி 6.7ல் எப்படி வந்தது? ஸ்டீராய்டு கண்ணுக்கு ஆகாது என்பார்களே?

---

மையவிலக்கு

முதல் கேள்விக்கு: வலி வந்த நேரத்தில் ரத்தத்தில் யூரிக் அமிலம் இயல்பாகக் காட்டுவது எங்களுக்கு அடிக்கடி நடப்பதுதான். வீக்கம் வந்ததும் சிறுநீரகம் கூடுதலாக வெளியேற்றும். அந்த 6.7ஐ நம்பி கவுட் இல்லை என்றோ, குறைந்துவிட்டது என்றோ நினைக்க வேண்டாம். வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து எடுக்கும் எண்தான் கணக்கு.

ரத்தத்தில் 6.8ஐத் தாண்டினால் யூரேட் படிகமாகத் தொடங்கும் என்பார்கள். பெருவிரல் உடம்பின் ஓரம், குளிர்ந்த இடம், அங்கே இன்னும் சீக்கிரம். வலி வருவதற்கு முன்பே படிகம் அங்கே உட்கார்ந்திருக்கும்.

---

நீலவிளக்கு

ஸ்டீராய்டுக்கு: சொட்டாகப் போட்டால் பொதுவாக மூன்றில் ஒருவருக்குக் கண் பிரஷர் ஓரளவு ஏறும். கிளாக்கோமா உள்ளவர்களில் ஏறாதவர்கள்தான் குறைவு. மாத்திரையாகச் சாப்பிட்டால் தாக்கம் சொட்டைவிடக் குறைவு, ஏறுவதற்கும் வழக்கமாகச் சில வாரம் பிடிக்கும். அந்த வகையில் "ஐந்து நாள்தானே" என்றது தவறில்லை. ஆனால் உங்கள் வலது கண் போன மாதம் 29 தொட்ட கண். இன்றே கண் மருத்துவமனைக்கு போன் செய்து சொல்லிவிடுங்கள், இந்த வாரமே ஒருமுறை பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவுட் திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம், பத்து நாள் ஸ்டீராய்டு என்று போனால் அது வேறு விவகாரம். கவுட்டுக்கும் கிளாக்கோமாவுக்கும் நான் கண்ணால் பார்த்த தொடர்பு அதுதான். கைவசம் பழைய மருந்துச் சீட்டு இருக்கிறது என்று தாங்களாகவே வாங்கிச் சாப்பிடுகிறவர்கள். பிரஷர் 35க்குப் போன பிறகுதான் வருவார்கள்.

---

மருந்துச்சீட்டு

கூடவே ஒன்று. வலி தாங்கவில்லை என்று வீட்டில் கிடக்கும் ஆஸ்பிரினை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். அசிட்டசோலமைடோடு அதிக அளவு ஆஸ்பிரின் சேர்ந்தால் ரத்தம் அமிலத்தன்மைக்குப் போய் ஆபத்தாகலாம். சின்ன அளவு ஆஸ்பிரினோ யூரிக் அமிலத்தை ஏற்றும். இரண்டு வழியிலும் உங்களுக்கு ஆகாது.

அடுத்த தடவைக்கு கவுட் வலிக்கான கோல்ச்சிசின் மாத்திரை பற்றிக் கேளுங்கள். கண் பிரஷரை ஏற்றாது. சிறுநீரகத்தைப் பார்த்து அளவு முடிவு செய்வார்கள்.

யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் உடனே வேண்டுமா என்பது மருத்துவர் முடிவு. ஒரே ஒரு தடவை வந்த கவுட், அதுவும் மருந்தால் ஏறிய அமிலம் என்றால், முதலில் அந்த மருந்தை மாற்ற முடியுமா என்று பார்ப்பதுதான் வழக்கம். கண்ணுக்குக் காவல் என்று சொல்லி 8.1ஐ அப்படியே வைத்திருக்கலாமா என்று கேட்டீர்களே, அதற்கு உங்கள் பெருவிரல் பதில் சொல்லிவிட்டது.

கொதிப்பு மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள், பேசுங்கள். லோசார்டன் என்ற கொதிப்பு மருந்து யூரிக் அமிலத்தைக் கொஞ்சம் இறக்கக்கூடியது. ஹைட்ரோகுளோரோதயசைடுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது: மிக அரிதாக, சிலருக்குத் திடீர்க் கிட்டப்பார்வையும் கோணம் மூடுவதும் வரும், மருந்தின் எச்சரிக்கைத் தாளிலேயே இருக்கிறது. உங்களுக்கு மூன்று வருடமாக வரவில்லை, வந்தால் பெரும்பாலும் முதல் சில வாரத்திலேயே வரும். தென்றல், இது உங்கள் அம்மாவுக்காக எழுதியது.

---

தென்றல்

குறித்துக்கொண்டேன். அம்மாவுக்குக் கொதிப்பு மாத்திரை இல்லை. நாளை ஆரம்பித்தால் கேட்கத் தெரியும்.

---

பச்சைஇலை

ஐந்து நாள் வைட்டமினை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுத்தேன். 5.2. மையவிலக்கு, ஒப்புக்கொள்கிறேன். யூரிக் அமிலம் நல்ல பிள்ளை என்ற கட்சியிலிருந்து மட்டும் இன்னும் விலகவில்லை.

---

மையவிலக்கு

இருங்கள், கட்சியில் ஆள் வேண்டுமே.

---

பழைய கண்ணாடி

ஏழு வாரம் ஆகிவிட்டது, கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

ஸ்டீராய்டு மூன்றாம் நாள் கண் பிரஷர் பார்த்தார்கள்: வலது 20, இடது 16. ஐந்து நாளோடு முடித்துக்கொண்டேன். அடுத்த வாரம் வலது கண் வடிகாலில் லேசர் செய்தார்கள். முழுப் பலன் தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார்கள், அதுவரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்து, போன வாரம் நிறுத்தியும்விட்டார்கள். இப்போது வலது 17.

பொது மருத்துவரிடம் இரண்டு பக்க மருந்தையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோனேன். மேலிருந்து கீழே விரலை வைத்து வாசித்தார். அசிட்டசோலமைடு வந்ததும் விரல் நின்றுவிட்டது. "இதை எனக்குச் சொல்லவே இல்லையே" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்த மாத்திரையை எடுத்துவிட்டு லோசார்டன் கொடுத்தார். நேற்று வந்த அறிக்கை: யூரிக் ஆசிட் 5.9, பொட்டாசியம் 4.2. அலோபியூரினால் இப்போதைக்கு வேண்டாம், மறுபடி வலி வந்தால் யோசிப்போம் என்றிருக்கிறார்.

பார்வைப்புலச் சோதனை அடுத்த மாதம். அந்த இருட்டறையில் தாடையை வைத்துக்கொண்டு, வந்த வெளிச்சத்துக்கும் வராத வெளிச்சத்துக்கும் பொத்தானை அழுத்துகிற வேலை எனக்கு இன்றும் பிடிக்காது. போய்த்தான் ஆக வேண்டும்.

விரல் நுனி எறும்பெல்லாம் போய்விட்டது. நேற்று ஒரு சோடா குடித்தேன். மூக்கு வரைக்கும் ஏறியது.

---

பெருவிரல்

ஒரே மூச்சில் குடிக்கவில்லையே?

---

பழைய கண்ணாடி

கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன். கடைசி மடக்கில் காற்றே இல்லை.